ஆள் படம் போட்ட தாள்

ஜூன் 29, ஞாயிறு

இது போன வருசத்து டைரி. உரக்கடையில் கொடுத்தது. முன்பக்கம் பத்துப் பன்னிரண்டு தாள் என் வீட்டுக்காரர் எழுதியது. பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோன பிறகு, இடது கையால் இதில்தான் எழுதிக் காட்டுவார். தண்ணி, ஜன்னல், பேப்பர் என்று ஒற்றை ஒற்றை வார்த்தையாக. அந்தத் தாள்களை எல்லாம் சேர்த்துத் துணி கிளிப் போட்டு வைத்திருக்கிறேன். திருப்புவதில்லை. மிச்சத் தாள் வீணாகக் கூடாது என்று நான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு மில்லுக்குப் போனவள், எழுத்து கோணலாகத்தான் வரும். அச்சடித்திருக்கிற கிழமையை அடித்துவிட்டு மேலே எழுதிக்கொள்கிறேன்.

அவர் போய் இன்றோடு எண்பத்தோரு நாள்.

தாமோதரன் ஓசூரில் இருந்து வந்திருக்கிறான். ஆரஞ்சுப் பையை மேசைமேல் வைத்தான். எப்போது வந்தாலும் ஆரஞ்சு.

"அம்மா, நாளைக்கு ரெண்டு மூணு எடம் பாத்துட்டு வருவோம். புடிச்சா சரி, புடிக்காட்டி வுட்டர்லாம்."

"என்ன எடம்? ஆசிரமமா?"

"ஆசிரமம் இல்லம்மா. இப்பெல்லாம் வேற மாதிரி இருக்குது. தனி ரூமு, கூடமாட உதவிக்கு ஆளு."

போன மாதம் குழாயடியில் விழுந்தேன் என்று சொன்னதில் இருந்து இதே பேச்சு. வலது கை தோளுக்கு மேல் போவதில்லை. தலை சீவ முடியாது, ரவிக்கைக்குக் கொக்கி போட முடியாது. அவன் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. மருமகள் மைதிலிக்கு ஷிப்ட் வேலை. எல்லாம் நிஜம்தான். ஆனால் கேட்டவுடன் பதில் சொல்கிறான். முன்னாலேயே யோசித்து வைத்தவன்தான் இப்படிச் சொல்வான்.

ஜூன் 30, திங்கள்

முதல் இடம் சரவணம்பட்டிப் பக்கம். அடுக்குமாடி. அவரவர் வீடு, அவரவர் சாவி. சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பார்களாம், கூட்டிப் பெருக்குவார்களாம். மற்றதெல்லாம் நாமே. டை கட்டின ஒரு ஆள் சுற்றிக் காட்டினார். நீச்சல் குளம் காட்டினார்.

"பின்னால கொக்கி போட யாராச்சும் வருவாங்களாங்?" என்று கேட்டேன்.

அவர் தாமோதரனைப் பார்த்தார். தாமோதரன் நீச்சல் குளத்தைப் பார்த்தான்.

அது நடமாட்டம் நன்றாக இருப்பவர்களுக்கான இடமாம். இரண்டாவதாகப் பார்த்தது படுத்துவிட்டவர்களுக்கான இடம், அங்கே இருபத்து நாலு மணி நேரமும் நர்ஸ். நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. நடப்பேன், சாப்பிடுவேன், கை தூக்கமாட்டேன். எனக்கு நடுவில் ஒன்று வேண்டுமாம். அதற்கு முன் வீட்டுக்கே ஆள் வைத்துப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். என் வீட்டில் இருந்தால் என் கண் முன்னால் இருக்கும்.

ஜூலை 2, புதன்

ஏஜென்சி அனுப்பிய பெண்ணை இன்று போகச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள்தான் இருந்தாள். டீத்தூள் டப்பா இடம் மாறியிருந்தது. போனில் யாரிடமோ குசுகுசுவென்று பேசினாள்.

மெத்தையைத் தட்டிக்கொண்டே, "அய்யாவும் இதே மாதிரி தரையிலதான் படுத்திருந்தாருங்களா? அப்ப தெனமும் தூக்கி உக்கார வெச்சது யாரு? ஒத்த ஆளாவா?" என்று வேறு கேட்டாள். வேலைக்கு வந்தவளுக்கு அது எதற்கு?

கட்டில் இருந்தது. அவர் இரண்டு தரம் உருண்டு விழுந்த பிறகு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் மெத்தை போட்டேன். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

ஜூலை 4, வெள்ளி

மூன்றாவது இடம். பெயர் மருதநிழல். தொண்டாமுத்தூர் தாண்டி உள்ளே போகிறது. நாலு சந்து திரும்ப வேண்டும். தாமோதரன் ஒரு இடத்தில்கூட நிறுத்தி வழி கேட்கவில்லை. போனில் மேப்பும் போடவில்லை. வாட்ச்மேன் அவனைப் பார்த்துத் தலையாட்டினார்.

"முன்னாடியே வந்திருக்கியாடா?"

"ஒருக்கா."

"எப்ப?"

"அது ஆச்சும்மா, ரொம்ப நாள்."

அவ்வளவுதான் வாயைத் திறந்தான். அப்பா உயிரோடு இருக்கும்போதே எனக்கு இடம் பார்த்திருக்கிறான். பெற்றவள் நான். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

பதினைந்து நாள் இருந்து பார்க்கலாமாம். பிடித்தால் பத்தொன்பதாம் தேதி கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் வீடு, மறுபடி ஏஜென்சி ஆள். தாமோதரன் லீவு முடிகிறது. வேறு வழி வைக்கவில்லை எனக்கு.

ஆபீசில் ஒரு பெண் எழுதிக்கொண்டாள். வீட்டுக்காரர் பெயர் என்ன என்றாள். நான் தாமோதரனைக் காட்டினேன். அவன் சொன்னான். நாற்பத்தாறு வருசத்தில் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை.

பிறகு ஒரு நர்ஸ். பிலோமி சிஸ்டர் என்கிறார்கள், நாகர்கோவில்காரி, ஐம்பது வயது இருக்கும். திரைக்குப் பின்னால் கூட்டிப்போய், கை, முதுகு, கால் எல்லாம் பார்த்தாள். கையில் ஒரு தாள். அதில் ஆள் படம் போட்டிருக்கிறது. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. கண், மூக்கு, துணி எதுவும் இல்லை. உடம்பில் காயம், தழும்பு, கன்றல் எங்கே இருக்கிறதோ படத்தில் அங்கே சிவப்புப் பேனாவால் குறிப்பாளாம்.

"இது எதுக்குங்க?"

"வரும்போது இருந்தது எது, இங்க வந்தப்புறம் ஆனது எதுன்னு தெரியணும்ல அம்மா. வாரம் ஒருக்க பாப்போம்."

கெட்டிக்காரத்தனம். நாளைக்கு அடித்துவிட்டுப் பழசு என்று சொல்லலாம்.

"தோள் எப்படி இப்படி ஆச்சு?"

"கொழாயடீல வுழுந்துட்டேனுங்."

திரைக்கு அந்தப் பக்கம் தாமோதரன் இருந்தான். அவன் காதில் விழுந்திருக்கும்.

ஜூலை 5, சனி

என் அறையில் இரண்டு கட்டில். பக்கத்துக் கட்டில் லோகநாயகி அம்மாள், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். "முப்பத்தோரு வருசம் ஊருப் பேச்சக் கேட்டவ நானு. எங்கிட்ட எதுவும் ஒளிக்க முடியாது" என்று முதல் பேச்சே அதுதான்.

உதவிக்கு வருகிறவள் செல்லக்கிளி. தருமபுரிப் பக்கம்.

"பாட்டி, குளிக்கலாங்களா?"

"யாருக்குடி பாட்டி? எனக்குப் பேரனும் இல்ல, பேத்தியும் இல்ல."

"அப்ப அக்கான்னு கூப்புடட்டுங்களா?"

"கூப்புடு. ஆனாக் குளிக்க வரவேண்டாம்."

ஒற்றைக் கையால் நானே குளித்தேன். முதுகு நனையவில்லை. அவள் கதவுக்கு வெளியே நின்று, "முதுகுக்கு வரட்டுங்களாக்கா?" என்று இரண்டு தரம் கேட்டாள். எல்லோரும் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். எப்போதும் தேன் மாதிரிப் பேசுகிறார்கள். மனிதர் எத்தனை நாளைக்கு அப்படி இருக்க முடியும்? எனக்குத் தெரியாதா.

ஜூலை 7, திங்கள்

இரண்டு நாளாகச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் கையையும் பார்க்கிறேன். முழங்கைக்கு மேல், உள்பக்கம். பிடித்து இழுத்தால் அங்கேதான் விரல் பதியும். முதல் நாள் சிவப்பாக இருக்கும், மூன்றாம் நாள் நீலம், அப்புறம் மஞ்சள். ஒன்பது பேர் கை பார்த்துவிட்டேன். யாருக்கும் இல்லை. லோகநாயகிக்கு மட்டும் இடது கையில் ஒன்று, புளியங்கொட்டை அளவு.

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். "யாரு புடிச்சா?" என்றேன்.

"யாரும் புடிக்கல. பாத்ரூம் கம்பீல இடிச்சுக்கிட்டேன். என் தாள்ல தேதி போட்டுக் குறிச்சு, என் மகனுக்கு போனும் பண்ணிட்டாங்க. அவன் பதறியடிச்சு வந்து நிக்கறான், இத்துனூண்டுக்கு."

அப்புறம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏங்க, எல்லாரும் மூஞ்சியப் பாப்பாங்க, நீங்க கையப் பாக்கறீங்க. கன்னிப்போனா எங்க தெரியும்னு உங்களுக்கு நல்லாத்தான் தெரிஞ்சிருக்குது."

நான் மாத்திரை சாப்பிட எழுந்து போய்விட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

பருப்பில் உப்பு இல்லை.

ஜூலை 9, புதன்

இன்று ஒன்று பிடிபட்டது.

பிலோமி சிஸ்டர் பி.பி. பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள். "மசக்காளிபாளையம் வீட்டை யாரு பாத்துக்கிடுதா? அந்த நீலக் கதவுக்குப் பூட்டு சரியா விழாதே."

நான் கையை இழுத்துக்கொண்டேன். என் வீட்டுக் கதவு நீலம் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? பூட்டைத் தூக்கிப் பிடித்துத்தான் போட வேண்டும் என்று எப்படித் தெரியும்?

"நீங்க எப்பங்க எங்கூட்டுக்கு வந்தீங்க?"

அவள் முகம் மாறிவிட்டது. "மகன் சொல்லலையா?" என்றாள். பிறகு, "அவரையே கேளுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பட்டையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் இல்லாத நேரத்தில் என் வீட்டுக்குள் வந்திருக்கிறார்கள். போன வருசம் மாசி மாதம் ஒரு நாள், நான் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பியபோது, அலம்பாத டம்ளர் இரண்டு கிடந்தது. தாமோதரன் வந்திருந்தான். இன்னொரு டம்ளர் யாருக்கு என்று கேட்டேன். நண்பன் என்றான். அன்றைக்கே எனக்குப் பொறி தட்டியது.

ஜூலை 10, வியாழன்

போனில் தாமோதரன்.

"அந்தச் சிஸ்டரு எதுக்குடா நம்மூட்டுக்கு வந்தா?"



"அப்பாதாம்மா வரச் சொன்னாரு."

"பேச்சே இல்லாத மனுசன் எப்படிடா சொன்னாரு?"

"எழுதிக் காட்டுனாரு. 'என்னை எங்காவது சேர்த்துவிடு'ன்னு. உனக்குத் தெரியாம பாக்கச் சொன்னாரு. நான் இங்க வந்து பாத்தேன். சேக்கறதுக்கு முன்னாடி ஆளப் பாக்கோணும்னு சிஸ்டரு ஊட்டுக்கு வந்தாங்க. நீ ஒத்துக்கமாட்டேன்னு அப்பறம் நான்தான் வுட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டேன்.

என்னை இல்லை. அவரை. அவரே கேட்டிருக்கிறார். என்னிடம் இருந்து போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

அப்படி எழுதியிருக்க மாட்டார். பையன் அவன் சவுகரியத்துக்குச் சொல்கிறான்.

ஜூலை 12, சனி

லோகநாயகியின் சிநேகிதி மாடியில் இருக்கிறாள், பார்த்துவிட்டு வரலாம் என்று கூட்டிப்போனார். மாடியில்தான் படுத்தவர்கள். நாற்றம் அடிக்கும் என்று நினைத்தேன். டெட்டால் வாசம்தான்.

பக்கத்து அறையில் ஒரு பெரியவர். எங்கள் வீட்டுக்காரர் மாதிரியே வலது பக்கம் விழுந்தவர். அவர் மாதிரியே நல்ல கனம். செல்லக்கிளி அவரைக் கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற்றினாள். அவள் என்னைவிடச் சின்ன உடம்பு. இழுத்து எறிவாள், கையும் களவுமாகப் பார்க்கலாம் என்று வாசலில் நின்றேன்.

அவர் கையை அவள் தொடவே இல்லை. இடுப்பில் அகலமாக ஒரு பட்டை கட்டினாள், பிடி வைத்த பட்டை. அவர் காலுக்கு முட்டுக் கொடுத்துத் தன் காலை வைத்தாள். "அய்யா, இப்பத் தூக்கப்போறேனுங்க. மூணு சொன்னதும் நீங்களும் எந்திரிக்கோணும். ஒண்ணு, ரெண்டு, மூணு." அவர் எழுந்துவிட்டார். உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான்.

கீழே வந்த பிறகு செல்லக்கிளியிடம் கேட்டேன். "அந்தப் பட்ட கடையில கெடைக்குமா?"

"எல்லா மெடிக்கல்லயும் கெடைக்குங்க்கா. உங்களுக்கு எதுக்குங்க இப்ப?"

ஜூலை 13, ஞாயிறு

சாப்பிடவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

வெள்ளிக்கிழமை மாலை தாமோதரன் வருகிறான். சனிக்கிழமை கையெழுத்து.

லோகநாயகி கேட்டார், "என்னங்க, இருக்கப்போறீங்களா, கெளம்பறீங்களா? புதுசா யாராவது வந்து கொறட்ட வுட்டா நான் என்ன பண்ணுவேன்?"

எனக்கு இந்த இடத்தில் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. உப்பு ஒன்றைத் தவிர. ஆனால் அந்தத் தாளைப் பார்க்காமல் என்னால் கையெழுத்துப் போட முடியாது. அவருக்கும் ஒரு ஆள் படம் போட்டிருப்பார்கள். அதில் என்ன குறித்தார்கள்? அவர் என்ன எழுதிக் கொடுத்தார்? இவர்கள் எல்லோரும் என்னைப் பற்றி என்ன தெரிந்து வைத்துக்கொண்டு இப்படித் தேனாகப் பேசுகிறார்கள்?

ஜூலை 16, புதன்

காலையிலேயே ஆபீசுக்குப் போனேன். அந்தப் பெண்தான் இருந்தாள்.

"ஒரு பழைய ஃபைல் வேணுங். போன வருசம் மாசி மாசத்துது."

"யாரோடதுங்கம்மா?"

"எங்கூட்டுக்காரரோடது."

"பேரு?"

பக்கத்தில் தாமோதரன் இல்லை. அந்தப் பெண் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கடிகாரத்துக்குக் கீழே ஒரு பல்லி.

"பொங்கியண்ணன்" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுதிக்கொண்டாள்.

தேட நேரம் ஆனது. பிலோமி சிஸ்டரே கொண்டுவந்தாள். கதவைச் சாத்தினாள். "உக்காருங்கம்மா" என்றாள்.

அதே தாள். அதே கண் மூக்கு இல்லாத ஆள். படத்தில் இரண்டு கையிலும், முழங்கைக்கு மேல், சிவப்பு மை. வலது கையில் நாலு, இடது கையில் மூன்று. எண்ணினேன். பக்கத்தில் 'எப்படி ஏற்பட்டது?' என்று அச்சடித்திருக்கிறது. அதற்கு நேராக, அவருடைய எழுத்து. இடது கை எழுத்து. இந்த டைரியின் முன்பக்கத்தில் இருக்கிற அதே எழுத்து.

கட்டில் இடித்தது.

அதற்குக் கீழே, 'ஏன் சேர விரும்புகிறீர்கள்?' என்ற இடத்தில்: அவளுக்குத் தோள் வலி. சொல்ல மாட்டாள்.

எங்கள் வீட்டில் கட்டிலே இல்லை. சிஸ்டர் வந்த அன்றைக்கும் தரையில்தான் மெத்தை கிடந்தது.

"நீங்கதான் பாத்தீங்களே. கட்டில் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும்மா."

"அப்பறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"மூணு தடவை போன் பண்ணினேன். எப்படித் தூக்கணும்னு காட்டித் தரலாம்னு. நீங்க எடுத்தீங்க."

ஆமாம். எடுத்தேன். 'எங்கூட்டுல யாரும் அனாதை இல்லீங்' என்று கத்திவிட்டு, யார், எந்த இடம் என்று கேட்காமலே வைத்தேன். மூன்று தரமும்.

ஜூலை 17, வியாழன்

கிளிப்பை எடுத்தேன்.

தண்ணி. ஜன்னல். பேப்பர். தாமு வந்தானா. தண்ணி. ரேடியோ. நீ சாப்பிடு. அப்புறம் ஒரு பக்கம் முழுக்க ஒரே வார்த்தை. மெல்ல. மெல்ல. மெல்ல. அடுத்த பக்கத்திலும் அதுதான், கடைசி எழுத்து கோடு தாண்டிப் போயிருக்கிறது.

எழுதிக் காட்டும்போது நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இழுத்தேன். விடிந்தால் ஈரத் துணி, சமையல், மறுபடி ஈரத் துணி. தூக்கும்போது தோளில் நரம்பு தெறிக்கும். அந்த ஆத்திரத்தில் பிடி இறுகும். ஒரு நாள் 'செத்தாத் தொலையறதில்லையே' என்றும் சொன்னேன். காது நன்றாகக் கேட்கும் அவருக்கு.

குழாயடியில் நான் விழவில்லை.

ஜூலை 18, வெள்ளி

தாமோதரன் வந்தான். ஆரஞ்சு.

"அந்தத் தாள நீ பாத்தியாடா? செவப்பு மையி?"

"பாத்தேம்மா."

"ஏன் எங்கிட்டக் கேக்கல?"

ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தான். நார் எல்லாம் எடுத்தான்.

"என்னன்னு கேக்கறது? மாசத்துக்கு ஒருக்கா வந்து ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டுப் போறவன் நானு. தெனமும் தூக்குனவ நீ. கேக்கறதுக்கு எனக்கு என்னம்மா யோக்கியதை இருக்குது?"

"கேட்டிருக்கோணும்டா."

"ம்."

"கேட்டிருந்தா உன்னையும் கத்தித்தான் வுட்டிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கோணும்."

பக்கத்துக் கட்டிலில் லோகநாயகி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கவில்லை. எனக்குத் தெரியும். இருக்கட்டும், கேட்கட்டும்.

ஜூலை 19, சனி

காலையில் பிலோமி சிஸ்டரிடம் போனேன். முதலில் என் தாளை எடுக்கச் சொன்னேன். தோளுக்கு நேராகக் குழாயடி என்று இருந்ததை அடித்துவிட்டு, 'வீட்டுக்காரரைத் தூக்கியதில்' என்று எழுதச் சொன்னேன். எழுதினாள்.

பிறகு அவர் தாளைக் கேட்டேன். சிவப்புப் பேனாவையும் கேட்டேன்.

"எதுக்கும்மா?"

"ஒரு வரி."

அவர் எழுதியதை அடிக்கவில்லை. அதற்குக் கீழே, இடம் இருந்த வரைக்கும் எழுதினேன். கட்டில் இல்லை. நான்தான். துளசிமணி.

சிஸ்டர் படித்தாள். தேதி போட்டு, ஃபைலில் வைத்தாள்.

அப்புறம்தான் இருப்பதற்கான தாளில் கையெழுத்துப் போட்டேன். தாமோதரன் கிளம்பும்போது, அடுத்த தரம் ஆரஞ்சு வேண்டாம், அந்த இடுப்புப் பட்டை ஒன்று வாங்கிக்கொண்டு வா என்றேன். நம் தெருவில் மேட்டு வீட்டுப் பாவாத்தாள் அவள் மாமியாரை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். எப்படிக் கட்டுவது என்று செல்லக்கிளி போனில் காட்டுவாளாம்.

நாளைக்கு ஆறரை மணிக்குக் குளியல். செல்லக்கிளியை உள்ளே வரச் சொல்லியிருக்கிறேன்.

"தோளத் தொட்டா வலிக்குங்களாக்கா? எப்படிப் புடிக்கட்டும்?" என்று கேட்டாள்.

மெல்ல என்று சொன்னேன்.